ஓடுபாதையும் ஒப்புதலும்



'அயல்நாட்டு விமானத் தளத்தின் போர்முறை முக்கியத்துவம்' என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் ஒரு மணி நேரம் பேசுவது சுலபம். உலகப் படத்தை மாட்டி, தளம் இருக்கும் இடத்தில் கவராயத்தின் முள்ளை ஊன்றி ஒரு வட்டம் போட்டு, இதற்குள் எந்தெந்த நாடுகள் வருகின்றன பாருங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். தொலைக்காட்சி விவாதங்களில் நடப்பதும் அதுதான்.

அந்த வட்டத்தில் பாதி உண்மை இருக்கிறது. வட்டம் தூரத்தைக் காட்டும். அந்தத் தூரத்தைப் பறக்க யார் ஒப்புதல் தர வேண்டும் என்பதைக் காட்டாது. அயல் மண்ணில் இருக்கும் தளத்தின் மதிப்பு, தூரத்தையும் ஒப்புதலையும் பெருக்கி வருவது. பெருக்கல் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். ஒப்புதல் பூஜ்யம் ஆகிவிட்டால், எவ்வளவு நீளமான ஓடுபாதை இருந்தாலும் விடை பூஜ்யம்தான்.

இன்று ஒரே ஒரு தளத்தை எடுத்துக்கொள்கிறேன். கன்னியாகுமரியிலிருந்து தென்மேற்காகச் சுமார் 1,800 கிலோமீட்டர். மாலத்தீவுகளைத் தாண்டி, நிலநடுக்கோட்டைக் கடந்து, தென் அட்சரேகை 7 பாகை அருகில் இருக்கும் பவளத்தீவு. பெயர் டியேகோ கார்சியா. சாகோஸ் தீவுக்கூட்டத்தில் இதுவே பெரியது. அப்படியும் நிலப்பரப்பு 30 சதுர கிலோமீட்டருக்குள்தான். காயலைச் சுற்றி வளைந்து கிடக்கும் ஒல்லியான மணல்மேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேற்குக் கரையில் 12,000 அடி நீள ஓடுபாதை ஒன்று இருக்கிறது. ஒன்றே ஒன்று.

முதலில் தூரம். இப்போதைய விமானங்கள் வானத்திலேயே எரிபொருள் நிரப்பிக்கொண்டு எங்கும் போகுமே, தளம் எதற்கு என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. 2001 அக்டோபரில் ஆப்கானிஸ்தான் போர் தொடங்கியபோது, அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலிருந்து பி-2 குண்டுவீச்சு விமானங்கள் நேராகப் புறப்பட்டன. அவற்றில் 'ஸ்பிரிட் ஆஃப் அமெரிக்கா' என்ற விமானம் 44 மணி நேரத்துக்கு மேல் பறந்து, குண்டு வீசிவிட்டு, டியேகோ கார்சியாவில் இறங்கியது. எஞ்சின்களை அணைக்கவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே பழைய விமானிகள் இருவர் இறங்கினார்கள், புதியவர்கள் இருவர் ஏறினார்கள். முக்கால் மணி நேரத்தில் மறுபடி ஓடுபாதை. ஊர் போய்ச் சேர இன்னும் 30 மணி நேரம். இதைச் சாதனை என்று பதிவு செய்து வைத்திருக்கிறார்கள்; சாதனைதான். ஆனால் போர் நடத்தும் முறை அல்ல. ஒரு விமானம் ஒரு தடவை குண்டு போட மூன்று நாள் ஆகும் என்றால், அதைக் கொண்டு செய்தியில் இடம்பிடிக்கலாம். வாரக்கணக்கில் ஒரு போரைத் தாங்கிப் பிடிக்க முடியாது.

அதே போரில் பி-52, பி-1 விமானங்கள் டியேகோ கார்சியாவிலேயே தங்கிப் பறந்தன. அங்கிருந்து காபூல் ஏறத்தாழ 4,700 கிலோமீட்டர். இன்று போய்விட்டு இன்றே திரும்பலாம். பழுது பார்த்து, குண்டு ஏற்றி, விரைவில் மறுபடி அனுப்பலாம். தளம் தருவது இந்த மறுபடியைத்தான். 1991 வளைகுடாப் போரிலும் 2003 ஈராக் போரிலும் இதே கதை. 2025 மார்ச், ஏப்ரல் மாதங்களில் யேமன் மீது தாக்குதல் நடந்துகொண்டிருந்தபோதும் ஆறு பி-2 விமானங்கள் அந்தத் தீவில் வரிசையாக நின்றதைச் செயற்கைக்கோள் படங்களில் உலகமே பார்த்தது.

முழுச் சுமையோடு கிளம்பும் பி-52 சுமார் 220 டன் எடை. எரிபொருள் மட்டுமே 140 டன் வரை பிடிக்கும். விமானத்தின் எடையில் பாதிக்கு மேல் அது குடிக்கப்போகும் எண்ணெய்தான். அந்த எண்ணெய் கப்பலில் வந்தாக வேண்டும். ஆகவே விமானத் தளம் என்று நாம் சொல்வது அரைவாசி துறைமுகம். டியேகோ கார்சியாவின் காயலை ஆழப்படுத்தி, பெரிய கப்பல்கள் நங்கூரமிட வழி செய்திருக்கிறார்கள். டாங்கிகள், பீரங்கிகள், வெடிமருந்து, குடிநீர் எல்லாம் ஏற்றிய சரக்குக் கப்பல்கள் ஆண்டுக்கணக்கில் அங்கே காத்து நின்றன. 1990 ஆகஸ்டில் சதாம் உசேன் குவைத்துக்குள் நுழைந்தபோது, அந்தக் கப்பல்கள் சில நாட்களிலேயே சவூதியின் ஜுபைல் துறைமுகத்தை அடைந்தன. வீரர்கள் விமானத்தில் வந்து இறங்கினார்கள்; ஆயுதம் அவர்களுக்கு முன்பே கடலில் பாதி வழி வந்திருந்தது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களோடு பேசும் தரை நிலையங்களில் ஒன்றும், விண்வெளியைக் கண்காணிக்கும் தொலைநோக்கிகளும் இதே தீவில் உண்டு. உங்கள் கைப்பேசி இந்த அரங்குக்கு வழிகாட்டியதில் அந்த மணல்மேட்டுக்கும் சிறு பங்கு இருக்கிறது.

தூரத்தின் கதை இவ்வளவுதான். இதற்கு மேல் நீட்டினால் ஆயுதப் பட்டியலாகிவிடும்.

ஒப்புதல் என்பது வேறு விஷயம். அமெரிக்கா கடந்த அறுபது ஆண்டுகளில் இழந்த தளங்களைப் பாருங்கள். பெரும்பாலானவை எதிரியின் குண்டு விழுந்து போனவை அல்ல. லிபியாவின் வீலஸ் தளம், 1969இல் கடாபி ஆட்சியைப் பிடித்த மறுவருடமே போயிற்று. பிலிப்பைன்ஸில் 1991இல் பினதூபோ எரிமலை கிளார்க் தளத்தைச் சாம்பலால் மூடியது உண்மை. ஆனால் பக்கத்து சூபிக் கடற்படைத் தளத்தின் கணக்கை முடித்தது, அதே ஆண்டு செப்டம்பரில் பிலிப்பைன்ஸ் செனட்டில் விழுந்த 12 வாக்குகள். எதிர்த்தரப்பில் 11. 2003இல் துருக்கி நாடாளுமன்றம் அனுமதி மறுத்ததால் வடக்கிலிருந்து ஈராக்குக்குள் ஒரு பெரும்படையை இறக்கும் திட்டம் கைவிடப்பட்டது. உஸ்பெகிஸ்தான் 2005இல் வெளியே போ என்றது. பக்கத்து கிர்கிஸ்தான், மனாஸ் தளத்தின் ஆண்டு வாடகையை 2009இல் 17 மில்லியன் டாலர் சொச்சத்திலிருந்து 60 மில்லியனுக்கு ஏற்றியது. 2014இல் அதையும் மூடியது. 1986இல் லிபியாவைத் தாக்க இங்கிலாந்திலிருந்து கிளம்பிய அமெரிக்க விமானங்களுக்கு பிரான்சும் ஸ்பெயினும் வான்வழி தரவில்லை. நேட்டோ கூட்டாளிகள்தான்! ஐபீரியத் தீபகற்பத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

நம் ஊரையும் சேர்த்துக்கொள்ளலாம். 1991 ஜனவரியில் வளைகுடாவுக்குப் போன அமெரிக்கப் போக்குவரத்து விமானங்கள் மும்பையிலும் ஆக்ராவிலும் சென்னையிலும் எண்ணெய் நிரப்பிக்கொள்ள சந்திரசேகர் அரசு அனுமதித்தது. விஷயம் வெளியே தெரிந்ததும் கூச்சல் எழுந்தது. வெளியிலிருந்து ஆதரவு கொடுத்துக்கொண்டிருந்த ராஜீவ் காந்தி எதிர்த்தார், ஏற்பாடு நின்றுபோனது. வாக்காளர் இருக்கும் நாட்டில் ஒப்புதலின் ஆயுள் எவ்வளவு என்பதற்கு இதைவிட அருகில் உதாரணம் கிடையாது.

இப்போது ஒரு போர்த்திட்ட அதிகாரியின் இடத்தில் உட்கார்ந்து யோசியுங்கள். தூரத்தைப் பொறியாளர் பார்த்துக்கொள்வார். ஒப்புதலை எப்படி நிரந்தரமாக வாங்குவது? வாக்காளரே இல்லாத இடத்தில் தளம் அமைத்தால்? 1950களின் பிற்பகுதியில் அமெரிக்கக் கடற்படைத் திட்டப் பிரிவில் வேலை பார்த்த ஸ்டூவர்ட் பார்பர் என்ற சிவில் அதிகாரிக்கு இந்த யோசனைதான் வந்தது. ஆசியாவும் ஆப்பிரிக்காவும் விடுதலை அடைகின்றன. இனி கண்டங்களில் தளம் நிலைக்காது. ஆகவே ஆள் அதிகம் இல்லாத சிறு தீவுகளை, அவை சுதந்திர நாடுகளின் கைக்குப் போவதற்கு முன்பே ஒதுக்கி வைத்துவிட வேண்டும். வரைபடத்தில் தேடித் தேடி அவர் கை வைத்த தீவு டியேகோ கார்சியா.

அவர் கண்முன் ஒரு பாடம் நடந்து முடிந்திருந்தது. அது நடந்த இடம் இலங்கை.

1942 ஏப்ரல் 4ஆம் தேதி, காலிக்கு அருகே கொக்கலை ஏரியிலிருந்து கிளம்பிய ஒரு கேட்டலினா கடல் விமானம், இலங்கைக்குத் தெற்கே ஜப்பானின் விமானந்தாங்கிக் கப்பல் அணியைக் கண்டது. விமானி லெனர்ட் பிர்ச்சல், கனடாக்காரர். செய்தியை வானொலியில் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே சுட்டு வீழ்த்தப்பட்டார். உயிர் பிழைத்துப் போர்க்கைதியானார். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பில் குண்டு விழுந்தது. எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. நான்கு நாள் கழித்துத் திருகோணமலை. இந்தியப் பெருங்கடலில் ஒரு கண்காணிப்புத் தளம் என்றால் என்ன பொருள் என்று பிரிட்டன் கற்றுக்கொண்ட வாரம் அது. அந்தப் போர்க்காலத்தில் டியேகோ கார்சியாவிலும் கேட்டலினாக்கள் இறங்கின. கரையொதுங்கிய ஒன்றின் எலும்புக்கூடு இன்னும் அங்கே கிடக்கிறது.

ஆகவே இலங்கைக்கு விடுதலை கொடுப்பதற்கு முன்பே, 1947இல் ஒரு பாதுகாப்பு ஒப்பந்தமும் போட்டுக்கொண்டார்கள். திருகோணமலைத் துறைமுகமும் கட்டுநாயக்க விமானத் தளமும் பிரிட்டன் கையிலேயே இருந்தன. எவ்வளவு காலம்? பத்தே ஆண்டு. 1956இல் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க தேர்தலில் வென்றார்.   1957 முடிவதற்குள் இரண்டு தளங்களும் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டன.

பிரிட்டன் பெட்டியைக் கட்டிக்கொண்டு தெற்கே போனது. மாலத்தீவுகளின் தென்கோடி, அட்டு பவளத்தீவில் கான் என்ற குட்டித் தீவு. அங்கே குடியிருந்தவர்களைப் பக்கத்துத் தீவுகளுக்கு நகர்த்திவிட்டு ஓடுபாதை போட்டார்கள். தளத்தில் வேலையும் கூலியும் கிடைத்ததால் அட்டு மக்களுக்கு மாலே அரசின் மேல் இருந்த கோபம் வளர்ந்தது. 1959இல் தெற்குத் தீவுகள் தனி நாடு என்று அறிவித்தன, சுவதீவு குடியரசு. நான்கே ஆண்டில் முடிந்துபோன நாடு. அதன் தலைவர் அப்துல்லா அஃபீப் திதி செஷெல்ஸில் அடைக்கலம் புகுந்தார். ஒரு ஓடுபாதை ஒரு குடியரசைப் பெற்றெடுத்தது, பிறகு அது அழிவதையும் பார்த்துக்கொண்டிருந்தது. 1976இல் பிரிட்டன் அங்கிருந்தும் போயிற்று. அதற்குள் தெற்கே 700 கிலோமீட்டர் சொச்சத்தில் மாற்று இடம் தயாராகிவிட்டது.

அந்த மாற்று இடம் தயாரான விதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

1965இல் மொரீஷியஸ் விடுதலைக்காக லண்டனில் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தது. சாகோஸ் அந்தக் காலனியின் ஒரு பகுதி. சாகோஸை விட்டுக்கொடுத்தால் விடுதலை என்ற நிர்ப்பந்தம் மறைமுகமாகவும் நேராகவும் வைக்கப்பட்டது. கொடுத்த தொகை 30 லட்சம் பவுண்டு. அதே ஆண்டு நவம்பர் 8ஆம் தேதி பிரிட்டன் ஒரு புதிய காலனியை உருவாக்கியது. உலகெங்கும் காலனிகள் கலைந்துகொண்டிருந்த காலத்தில் பிறந்த காலனி! அதில் செஷெல்ஸின் மூன்று தீவுகளும் சேர்க்கப்பட்டன. அதற்கு விலையாக செஷெல்ஸுக்கு ஒரு விமான நிலையம் கட்டித்தரப்பட்டது. 1966 டிசம்பரில் பிரிட்டனும் அமெரிக்காவும் கடிதங்கள் பரிமாறிக்கொண்டன. ஐம்பது ஆண்டு, வேண்டுமானால் இன்னும் இருபது. வாடகை என்று ஒரு காசும் எழுதப்படவில்லை. போலாரிஸ் ஏவுகணை வாங்கியதில் பிரிட்டன் செலுத்த வேண்டிய தொகையில் 140 லட்சம் டாலரை அமெரிக்கா தள்ளுபடி செய்தது. அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே இது தெரியாது.

அந்த மூன்று செஷெல்ஸ் தீவுகளில் ஒன்று அல்டாப்ரா. அங்கேயும் ஒரு விமானத் தளம் போட பிரிட்டன் எண்ணியிருந்தது. அங்கே ராட்சத ஆமைகள் ஏராளம். இயற்கை விஞ்ஞானிகள் கொதித்தெழுந்தார்கள்; பிரிட்டனிடம் பணமும் இல்லை; 1967இல் திட்டம் கைவிடப்பட்டது. ஆமைகள் தப்பின. டியேகோ கார்சியாவில் ராட்சத ஆமைகள் இல்லை. மனிதர்கள் இருந்தார்கள்.

சாகோஸ் தீவுகளில் 1,500 முதல் 2,000 பேர் வாழ்ந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னந்தோப்புகளுக்காக மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் பிடித்து வரப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்கள். பிறகு இந்தியாவிலிருந்து மொரீஷியஸ் வழியாகக் கூலிகளாகப் போனவர்களின் ரத்தமும் கலந்தது. தேங்காய் உரித்துக் கொப்பரை காய வைத்து எண்ணெய்க்கு அனுப்புவதே தொழில். தேவாலயம் இருந்தது, கல்லறைத் தோட்டம் இருந்தது, தனிக் கிரியோல் பேச்சு இருந்தது. ஐ.நா. சாசனப்படி, தன்னாட்சி இல்லாத பகுதியில் நிரந்தரக் குடிமக்கள் இருந்தால் அவர்கள் நலன் குறித்து ஐ.நா.வுக்குப் பதில் சொல்ல வேண்டும். லண்டன் அதிகாரிகள் கண்டுபிடித்த வழி மிகச் சுருக்கமானது: நிரந்தரக் குடிமக்களே இல்லை, எல்லோரும் ஒப்பந்தக் கூலிகள் என்று காகிதத்தில் எழுதிவிடுவது. அந்தக் குறிப்புகள் பிற்பாடு நீதிமன்றத்தில் வெளிவந்தன. படித்தவர்களுக்குத் தெரியும், கேலி தொனிக்கும் குறிப்புகள் அவை.

ரீட்டா பான்கூல் பெரோஸ் பான்யோஸ் தீவைச் சேர்ந்தவர். வண்டி ஏறிக் காலில் அடிபட்ட சின்ன மகளுக்கு மருத்துவம் பார்க்க, குடும்பத்தோடு மொரீஷியஸுக்குக் கப்பலேறினார். பிள்ளை பிழைக்கவில்லை. ஊர் திரும்பப் பயணச்சீட்டு கேட்டுப் போனபோது, உங்கள் தீவை விற்றுவிட்டார்கள், இனி அங்கே போக முடியாது என்று பதில் வந்தது. முதல் கட்டத்தில் வெளியேற்றம் நடந்தது இப்படித்தான்: போனவர்களைத் திரும்ப விடாமல் இருப்பது, கப்பலில் வரும் அரிசி, மருந்து முதலியவற்றைக் குறைப்பது. 1971இல் அமெரிக்கக் கடற்படையின் கட்டுமானப் பிரிவு டியேகோ கார்சியாவில் வந்து இறங்கியதும் மிச்சமிருந்தவர்களைக் கப்பலில் ஏற்றினார்கள். வளர்ப்பு நாய்களை எடுத்துப்போக அனுமதி இல்லை. அவற்றைக் கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அடைத்து வண்டிப் புகையைச் செலுத்திக் கொன்றார்கள். 1973இல் கடைசித் தீவும் காலியானது. பவளப் பாறையை உடைத்து நொறுக்கி ஓடுபாதைக்குப் போட்டார்கள்.

போர்த்திட்டக்காரரின் கணக்கு முடிந்தது. வாக்காளர் இல்லை, செனட் இல்லை, வாடகை ஏற்றும் அதிபர் இல்லை. அரை நூற்றாண்டு அந்தக் கணக்கு பலித்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அநியாயம் எப்போதும் தோற்கும் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. 1979இல் ஈரானில் ஷா வீழ்ந்து, சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்த பிறகு அமெரிக்காவுக்கு அந்தத் தீவு தங்கச் சுரங்கமாயிற்று.

நாம் அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம்? இந்தியப் பெருங்கடலை அமைதி மண்டலமாக அறிவிக்க வேண்டும் என்று சிறிமாவோ பண்டாரநாயக்கவின் இலங்கை ஐ.நா.வில் தீர்மானம் கொண்டுவந்தது. அது நிறைவேறிய நாள் 1971 டிசம்பர் 16. அன்றுதான் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. அமெரிக்காவின் 'என்டர்பிரைஸ்' கப்பல் வங்காள விரிகுடாவுக்குள் இருந்தது. இந்திரா காந்தியின் இந்தியா அந்தத் தளத்தை உரக்கக் கண்டித்தது. பத்திரிகைகளில் டியேகோ கார்சியா என்ற பெயர் அடிக்கடி வரும். ஆனால் அந்தக் கண்டனங்களில் தளம் இருந்தது, வல்லரசுப் போட்டி இருந்தது, அணுவாயுதம் இருந்தது. துரத்தப்பட்ட மக்கள் மிக அரிதாகவே இருந்தார்கள். என் பார்வையில் இது நம் ராஜதந்திரத்தின் பெரிய சறுக்கல். தளத்தின் பலவீனம் அந்த மக்களில்தான் இருந்தது; நாம் ஓடுபாதையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தோம்.

பலவீனம் அங்கேதான் என்பது 2000ஆம் ஆண்டு தெரிந்தது. ரீட்டாவின் மகன் ஒலிவியர் பான்கூல் தொடுத்த வழக்கில், வெளியேற்றச் சட்டம் செல்லாது என்று லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2004இல் நாடாளுமன்றத்தைக் கேட்காமலே அரசாணை மூலம் பிரிட்டன் கதவை மறுபடி மூடியது. 2008இல் பிரபுக்கள் அவையின் ஐந்து நீதிபதிகளில் மூவர் அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்கள். 2010இல் சாகோஸைச் சுற்றிக் கடல் பாதுகாப்பு மண்டலம் அறிவித்தார்கள். மீன் பிடிக்கத் தடை. தளத்துக்கு அந்தத் தடை தொந்தரவு தரவில்லை! 2015இல் சர்வதேச நடுவர் மன்றம் அதைச் சட்டமீறல் என்றது. பிறகு பெரிய அடி: 2019 பிப்ரவரி 25. மொரீஷியஸிலிருந்து சாகோஸைப் பிரித்தது சட்டப்படி நடந்ததல்ல, பிரிட்டன் தன் நிர்வாகத்தை விரைவில் முடித்துக்கொள்ள வேண்டும் என்று சர்வதேச நீதிமன்றம் கருத்துரைத்தது. மூன்று மாதத்தில் ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் மொரீஷியஸ் பக்கம், எதிர்த்தவை ஆறு. அந்த ஆறில் மாலத்தீவும் ஒன்று.

இதற்கிடையில் யாரும் திட்டமிடாத ஒரு காரியம் நடந்தது. 2021 அக்டோபரில் கனடாவை நோக்கிப் போன ஒரு மீன்பிடிப் படகு நடுக்கடலில் தத்தளித்தது. அதில் 89 பேர். இலங்கைத் தமிழர்கள், குழந்தைகளும் உண்டு. பிரிட்டிஷ் கப்பல் அவர்களை டியேகோ கார்சியாவில் கொண்டு சேர்த்தது. சொந்தக் குடிமக்களை விரட்டி ஐம்பது ஆண்டு கழித்து, அந்தத் தீவில் படைக்குச் சம்பந்தமில்லாத குடும்பங்கள் மறுபடி குடியிருக்க நேர்ந்தது. வேலி போட்ட சிறு முகாம், ராணுவக் கூடாரங்கள், எலித் தொல்லை, உண்ணாவிரதங்கள், தற்கொலை முயற்சிகள். மூன்று ஆண்டு. அடைக்கலம் கேட்டார்கள், இது அகதிகளை ஏற்கும் இடமில்லை என்றது பிரிட்டன்.

அவர்களைத் தடுத்து வைத்தது பற்றிய வழக்கு, சாகோஸை ஆள பிரிட்டன் உருவாக்கிய ஆட்சிப்பகுதியின் நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதியும் வழக்கறிஞர்களும் முகாமை நேரில் பார்க்க 2024 ஜூலையில் புறப்பட இருந்தார்கள். கடைசி நேரத்தில் அமெரிக்கா அனுமதியை ரத்து செய்தது, பாதுகாப்புக் காரணமாம். பிரிட்டனின் ஆட்சிப்பகுதி, பிரிட்டன் நியமித்த நீதிபதி, பிரிட்டனின் சட்டம். உள்ளே போக வாடகை தராத குடித்தனக்காரரின் தயவு வேண்டியிருந்தது. செப்டம்பரில் சில கட்டுப்பாடுகளோடு விசாரணை நடந்தது. டிசம்பரில் தீர்ப்பு: அந்தத் தமிழர்கள் சட்டவிரோதமாகத் தடுத்து வைக்கப்பட்டிருந்தார்கள்; பெயரில் மட்டும்தான் அது சிறை இல்லை என்றார் நீதிபதி. அதற்குள் பெரும்பாலோரை இங்கிலாந்துக்கு அழைத்துப் போய்விட்டார்கள்.

2025 மே 22ஆம் தேதி பிரிட்டனும் மொரீஷியஸும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன்படி சாகோஸின் இறையாண்மை மொரீஷியஸுக்கு. டியேகோ கார்சியா மட்டும் 99 ஆண்டு குத்தகைக்கு. முதல் மூன்று ஆண்டும் ஆண்டுக்கு 165 மில்லியன் பவுண்டு, அடுத்த பத்தாண்டு 120 மில்லியன். ஒரு காலத்தில் 30 லட்சத்தில் முடித்ததாக நினைத்த வேலை. இந்தத் தளத்திலிருந்து ஒரு நாட்டின் மீது தாக்குதல் நடந்தால் மொரீஷியஸுக்கு விரைவில் தகவல் சொல்ல வேண்டும். முன்கூட்டி ஒப்புதல் கேட்க வேண்டியதில்லை. மற்றத் தீவுகளில் மக்களைக் குடியேற்றலாம், டியேகோ கார்சியாவில் கூடாது. பேச்சுவார்த்தையில் சாகோஸ் மக்களுக்கு இருக்கை போடப்படவில்லை. அவர்களில் பலர் இதைக் கடுமையாக எதிர்க்கிறார்கள், ஒலிவியர் பான்கூல் போன்றோர் வரவேற்கிறார்கள். லண்டனில் எதிர்க்கட்சிகள் இதைத் தாரைவார்ப்பு என்கின்றன. நான் அப்படிப் பார்க்கவில்லை. சட்டப்படி ஆட்டம் கண்டுவிட்ட ஒப்புதலுக்குப் பிரிட்டன் புதிதாக விலை பேசியிருக்கிறது. தளத்தின் கண்ணோட்டத்தில் மட்டும் பார்த்தால் மலிவான பேரம்.

இந்தியா இந்த ஒப்பந்தத்தை வரவேற்றது. எழுபதுகளில் கண்டித்த நாடு, இன்று அந்தத் தளம் அங்கேயே இருக்கட்டும் என்று மனதுக்குள் நினைக்கிறது. சீனக் கப்பல்கள் இந்தக் கடலில் நடமாடுவது காரணம் என்று சொல்லத் தேவையில்லை. 2016இல் அமெரிக்காவோடு தளவாடப் பரிமாற்ற உடன்பாடும் செய்துகொண்டோம். நிலைமை மாறும்போது நிலைப்பாடு மாறுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

நான் கவனிப்பது வேறொரு தீவை. மொரீஷியஸுக்கு வடக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அகலேகா. சாகோஸையும் அகலேகாவையும் ஒரு காலத்தில் ஒரே தோட்டக் கம்பெனிதான் நடத்தியது. கம்பெனியின் பெயரிலேயே இரண்டும் சேர்ந்திருந்தன. அங்கே சுமார் 300 பேர் வாழ்கிறார்கள், அதே தென்னை, அதே கிரியோல். 2015இல் போட்ட உடன்பாட்டின்படி இந்தியா அங்கே 3 கிலோமீட்டர் நீள ஓடுபாதையும் ஒரு படகுத்துறையும் கட்டியது. 2024 பிப்ரவரி 29இல் இரு நாட்டுப் பிரதமர்களும் காணொலியில் திறந்து வைத்தார்கள். இது படைத்தளம் அல்ல என்று மொரீஷியஸ் சொல்கிறது. அங்கே வரும் சிறு பயணி விமானத்துக்கு 3 கிலோமீட்டர் தேவையில்லை. நம் கடற்படையின் பி-8 கண்காணிப்பு விமானத்துக்கு அது தாராளம்.

எனக்கு அதில் குற்றம் காணத் தோன்றவில்லை. 1942இல் கொக்கலை எதற்கு வேண்டியிருந்ததோ, அதே காரணம் இன்றும் இருக்கிறது. தில்லியில் யாராவது கேட்டால் நான் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: மொரீஷியஸோடு போட்ட உடன்பாட்டை வெளியிடுங்கள், அந்த 300 பேர் அங்கேயே இருப்பார்கள், போய் வருவார்கள், வெளியூரில் இருக்கும் அவர்கள் பிள்ளைகள் எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம் என்று அதில் ஒரு பிரிவு எழுதிச் சேருங்கள். கருணைக்காகக் கேட்கவில்லை. அந்த ஓடுபாதை ஐம்பது ஆண்டு நமக்குப் பயன்பட வேண்டும் என்பதால் கேட்கிறேன்.